மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்துகள்: பக்க விளைவுகளும் பாதுகாப்பும்

காலையில் எழுந்ததும் அடுக்கடுக்கான தும்மல், நீராக ஒழுகும் மூக்கு, அரிப்பு, இரவில் மூக்கடைப்பு ஆகியவை ஒவ்வாமை மூக்கழற்சியின் அடையாளங்கள். நம் நாட்டின் எந்தப் பகுதியும் இந்நோய்க்கு விலக்கன்று. வட இந்தியச் சமவெளியில் இளவேனிற் காலத்திலும் மழைக்காலத்தின் முடிவிலும் காற்றில் மகரந்தத் தூள் மிகுகிறது. ராஜஸ்தான், குஜராத் முதல் தமிழ்நாடு வரை சீமைக் கருவேலமும், 1950-களில் புணே அருகே கண்டறியப்பட்டு நாடெங்கும் பரவிய பார்த்தீனியம் செடியும் இத்தூளைப் பரப்புகின்றன. வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய உண்ணிகளும் ஈரச் சுவர்ப் பூஞ்சைகளும் ஆண்டு முழுவதும் தொல்லை தருகின்றன.

இந்நோய் உயிரைப் பறிப்பதில்லை. எனவே பலர் இதைப் பொருட்படுத்துவதில்லை. எனினும் இரவுத் தூக்கம் கெட்ட மாணவன் வகுப்பில் கவனம் இழக்கிறான். தொழிலாளியின் வேலைத்திறன் குறைகிறது. ஒவ்வாமை மூக்கழற்சி உடையோருக்கு ஆஸ்துமா தோன்றும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி என்பதும், ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மூக்கு நோயைக் கவனியாது விடின் மூச்சுத் தொல்லை கூடும் என்பதும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உண்மைகள்.

மிதமானதும் கடுமையானதுமான ஒவ்வாமை மூக்கழற்சிக்கு இன்று மிகுந்த பலன் தருவது மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு மருந்தே ஆகும். ஆயினும் 'ஸ்டீராய்டு' என்ற சொல்லைக் கேட்டவுடன் பெற்றோர் அஞ்சுகின்றனர். மருத்துவர் எழுதித் தந்த மருந்தை நான்கு நாட்களில் நிறுத்திவிடுகின்றனர். அதே குடும்பம், மூக்கடைப்பை உடனே திறக்கும் வேறொரு சொட்டு மருந்தை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி மாதக் கணக்கில் பயன்படுத்துவதும் உண்டு. அஞ்ச வேண்டிய இடத்தில் அச்சமின்மையும், அஞ்சத் தேவையற்ற இடத்தில் அச்சமும் நிலவுவதால் நோயாளி இருவகையிலும் இழப்புக்கு உள்ளாகிறார். எந்த மருந்தால், எந்த அளவில், யாருக்கு, என்ன தீங்கு நேரக்கூடும் என்பதைத் தெளிவாக அறிவதே இதற்குப் பரிகாரம்.

ஸ்டீராய்டு என்பது யாது?

சிறுநீரகங்களின் மேல் அமைந்துள்ள அட்ரினல் சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை நாள்தோறும் சுரக்கின்றன. அழற்சியை அடக்குதல், இரத்தச் சர்க்கரையைச் சீராக வைத்தல், உடல் நெருக்கடிகளைத் தாங்கச் செய்தல் ஆகியவை அதன் பணிகள். இவ்வினத்தைச் சேர்ந்த கார்ட்டிசோனை 1948-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர் மூட்டுவாத நோயாளிக்குச் செலுத்தினார். நடக்க இயலாதிருந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். இவ்வினம் பற்றிய ஆராய்ச்சிகளுக்காக ஹெஞ்ச், எட்வர்ட் கெண்டால், டாடியஸ் ரைக்ஸ்டைன் ஆகிய மூவரும் 1950-ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. மாத்திரையாகவோ ஊசியாகவோ நீண்டகாலம் கொடுத்தபோது முகம் உப்பியது, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறின, எலும்பு நலிந்தது, கண்புரை விழுந்தது, குழந்தைகளின் வளர்ச்சி குன்றியது. வெளியிலிருந்து ஹார்மோன் தாராளமாக வருவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை மறந்து ஓய்ந்தது. அந்நிலையில் மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாக முடியும் என்பதும் தெரியவந்தது. இன்று மக்களிடையே காணப்படும் ஸ்டீராய்டு அச்சத்தின் வேர் இங்கேதான் உள்ளது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று. ஆனால் அது மாத்திரைக்கும் ஊசிக்கும் உரியது.

நோயுள்ள இடத்தில் மட்டும் மருந்தைச் சேர்த்து, உடலின் மற்றப் பகுதிகளுக்கு அது செல்லாமல் தடுக்க இயலுமா என்ற கேள்வி எழுந்தது. 1970-களின் தொடக்கத்தில் பெக்லோமெத்தசோன் என்ற மருந்து முதலில் நுரையீரலுக்குள் இழுக்கும் வடிவிலும், பின்னர் மூக்கில் தெளிக்கும் வடிவிலும் வந்தது. அதனைத் தொடர்ந்து புடெசோனைடு, புளுட்டிகசோன், மொமெட்டசோன் ஆகியவை வந்தன.

உடலில் சேரும் அளவு

இம்மருந்துகளின் பாதுகாப்பைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும். புளுட்டிகசோன் புரோப்பியோனேட் தெளிப்பானில் ஒரு முறை அழுத்தினால் 50 மைக்ரோகிராம் மருந்து வெளிப்படுகிறது. பெரியவர் ஒருவர் ஒவ்வொரு மூக்குத் துளையிலும் இரண்டு முறை தெளித்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 200 மைக்ரோகிராம் ஆகிறது. ஆஸ்துமா கடுமையாகும்போது கொடுக்கப்படும் பிரெட்னிசோலோன் மாத்திரையின் நாளளவு 40 மில்லிகிராம், அதாவது 40,000 மைக்ரோகிராம் வரை இருப்பது வழக்கம். எடைக்கு எடை புளுட்டிகசோன் பன்மடங்கு வீரியம் மிக்கது. ஆகவே இவ்விரு எண்களை மட்டும் ஒப்பிட்டு முடிவு செய்தல் சரியாகாது. இரத்தத்தில் சேரும் பங்கையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

மூக்கில் தெளித்த மருந்தில் ஒரு பகுதி அங்கேயே தங்கிச் செயல்படுகிறது. மற்றொரு பெரும் பகுதி சளியுடன் தொண்டைக்கு இறங்கி வயிற்றைச் சேர்கிறது. வயிற்றிலிருந்து அது கல்லீரலுக்குச் செல்கிறது. புதிய மருந்துகளைக் கல்லீரல் முதற்சுற்றிலேயே ஏறக்குறைய முழுமையாகச் சிதைத்துவிடுகிறது. எனவே புளுட்டிகசோன் புரோப்பியோனேட்டில் 2 விழுக்காட்டுக்கும் குறைவாகவும், மொமெட்டசோனில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாகவுமே இரத்தத்தைச் சென்றடைகிறது. புளுட்டிகசோன் பியூரோவேட்டில் இது 0.5 விழுக்காடு அளவே. பழைய மருந்துகளின் நிலை வேறு. புடெசோனைடில் சுமார் 34 விழுக்காடும், பெக்லோமெத்தசோனில் சுமார் 44 விழுக்காடும் உடலில் சேர்கின்றன. மேற்கூறிய 200 மைக்ரோகிராமில் 2 விழுக்காடு என்பது வெறும் 4 மைக்ரோகிராம்.

ஆகவே, 'மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டு' என்ற ஒரே பெயருக்குள் உடலில் சேரும் அளவால் வேறுபடும் பல மருந்துகள் உள்ளன. குழந்தைகளுக்கும் நீண்டகாலம் பயன்படுத்த வேண்டியவர்களுக்கும் குறைவாகச் சேரும் மருந்தைத் தேர்ந்தெடுப்பது மருத்துவ வழக்கமாகியிருப்பதன் காரணம் இதுவே.

மூக்கில் நேரும் விளைவுகள்

இம்மருந்துகளால் பொதுவாக நேரும் பக்க விளைவுகள் மூக்கோடு நின்றுவிடுகின்றன. எரிச்சல், வறட்சி, தும்மல், பொருக்குக் கட்டுதல், தொண்டைக் கரகரப்பு, சிலருக்கு லேசான தலைவலி ஆகியவை அவை. சில தயாரிப்புகளில் மருந்து கெடாதிருக்கச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடும், சிலவற்றின் நறுமணமும் எரிச்சலுக்குக் காரணமாவதுண்டு. தயாரிப்பை மாற்றினால் இது பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது.

மக்கள் அதிகம் கலங்குவது மூக்கில் இரத்தம் கசிவதைக் கண்டே. மொமெட்டசோன் பற்றிய ஆய்வுகளில் மருந்து பெற்ற பெரியவர்களில் 100-க்கு 11 பேருக்கு இரத்தக் கசிவு நேர்ந்தது. மருந்தில்லாத வெறும் நீர்மத்தைத் தெளித்துக்கொண்டவர்களிலும் 100-க்கு 6 பேருக்கு அது நேர்ந்தது. அதாவது, கசிவுகளில் ஒரு பகுதி ஒவ்வாமையால் புண்பட்ட மூக்கின் இயல்பினாலும், தெளிக்கும் முறையினாலும் ஏற்படுவதாகும். பெரும்பாலான கசிவுகள் சளியில் கலந்த சிறு கோடுகளாகவே இருக்கின்றன. மருந்தைச் சில நாட்கள் நிறுத்தி, உப்புநீரால் மூக்கை ஈரமாக வைத்தால் நின்றுவிடுகின்றன.

மூக்கின் இரு துளைகளையும் பிரிக்கும் நடுச்சுவரில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் செறிந்துள்ளன. தெளிப்பானின் முனையை நேராக அச்சுவரை நோக்கிப் பிடிப்பவர்களுக்கு, நாள்தோறும் ஒரே இடத்தில் மருந்து பாய்ந்து அங்கே புண் தோன்றுகிறது. மிக அரிதாக நடுச்சுவரில் துளையே விழுந்ததுண்டு. மூக்கிலோ தொண்டையிலோ கேண்டிடா என்னும் பூஞ்சைத் தொற்று ஏற்படுவதும் அரிதாகக் காணப்படுகிறது. பல மாதங்கள் தொடர்ந்து பயன்படுத்துவோர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மூக்கின் உட்புறத்தை மருத்துவரிடம் காட்டிக்கொள்வது நன்று.

குழந்தைகளின் வளர்ச்சி

பெற்றோர் கேட்கும் முதற்கேள்வி, 'குழந்தை வளர்வது நின்றுவிடுமா?' என்பதே. 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த இரு ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. முதல் ஆய்வில் 6 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்குப் பெக்லோமெத்தசோன் நாளொன்றுக்கு இருவேளையாக ஓராண்டு கொடுக்கப்பட்டது. அவர்கள் சராசரியாக 5.0 சென்டிமீட்டர் வளர்ந்தனர். மருந்து பெறாதவர்கள் 5.9 சென்டிமீட்டர் வளர்ந்தனர். ஓராண்டில் ஏறத்தாழ 0.9 சென்டிமீட்டர் பின்னடைவு தெரிந்தது. மற்றோர் ஆய்வில் 3 முதல் 9 வயது வரையிலான குழந்தைகளுக்கு மொமெட்டசோன் நாளொன்றுக்கு 100 மைக்ரோகிராம் வீதம் ஓராண்டு கொடுக்கப்பட்டது. அவர்களின் வளர்ச்சியில் பின்னடைவு எதுவும் காணப்படவில்லை.

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எந்த மருந்து, எவ்வளவு என்பதைப் பொறுத்தே விளைவு அமைகிறது என்பது புலனாகும். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1998-ஆம் ஆண்டில் இவ்வினத் தெளிப்பான்கள் அனைத்தின் விவரத்தாளிலும் வளர்ச்சி பற்றிய எச்சரிக்கையைச் சேர்க்கச் செய்தது. பின்பற்ற வேண்டிய விதி எளியது: அறிகுறிகளை அடக்கும் மிகக் குறைந்த அளவு, தேவையான காலம் மட்டும், ஆறு மாதத்திற்கு ஒரு முறை உயர அளவீடு. ஆஸ்துமாவுக்கென இழுக்கும் ஸ்டீராய்டையும், தோலுக்கென ஸ்டீராய்டுக் களிம்பையும் அதே குழந்தை பயன்படுத்துமாயின் மூன்றின் அளவையும் கூட்டியே மருத்துவர் கணக்கிட வேண்டும். பெற்றோர் அம்மருந்துகளை எல்லாம் எடுத்துச் சென்று காட்டாவிடின் இக்கணக்கு பிழைபடும்.

கண்ணும் அட்ரினல் சுரப்பியும்

ஸ்டீராய்டு மாத்திரைகளால் கண்புரையும் கண் நீர் அழுத்த நோயும் வருவதை எல்லோரும் அறிவர். மூக்குத் தெளிப்பானைச் சரியான அளவில் பயன்படுத்தியோரிடம் நடந்த ஆய்வுகள் பொதுவாக இத்தகைய தீங்கைக் காட்டவில்லை. எனினும் தனிநபர்களிடம் கண் அழுத்தம் உயர்ந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. எனவே கண் அழுத்த நோய் ஏற்கெனவே உள்ளவர்களும், குடும்பத்தில் அந்நோய் இருப்பவர்களும், நீண்டகாலம் இம்மருந்தைத் தொடரும்போது கண் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். பார்வை மங்கினாலோ, விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரிந்தாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவரைக் காண வேண்டும்.

அட்ரினல் சுரப்பி ஓய்ந்துபோவது, பரிந்துரைக்கப்பட்ட அளவில் புதிய மருந்துகளைப் பயன்படுத்துவோரிடம் பொதுவாக நேர்வதில்லை. ஆனால் இதற்கு ஒரு முக்கியமான விலக்கு உண்டு.

வேறு மருந்துடன் சேரும்போது

புளுட்டிகசோனைச் சிதைக்கும் கல்லீரல் நொதியைத் தடுக்கும் மருந்துகள் சில உள்ளன. எச்.ஐ.வி. சிகிச்சையில் பயன்படும் ரிட்டோனாவிர், கோபிசிஸ்டாட் ஆகியவையும், பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல், கீட்டோகோனசோல் ஆகியவையும் அவ்வகையின. ரிட்டோனாவிர் உட்கொள்பவர் புளுட்டிகசோன் தெளித்துக்கொண்டால், முதற்சுற்றிலேயே அழிய வேண்டிய மருந்து அழியாமல் இரத்தத்தில் தேங்குகிறது. மாத்திரையாக ஸ்டீராய்டு உட்கொண்டதைப் போலவே முகம் உப்புதல், எடை கூடுதல், சர்க்கரை ஏறுதல் ஆகிய குஷிங் நோய்க்குறிகள் தோன்றுகின்றன. அட்ரினல் சுரப்பியும் ஓய்ந்துவிடுகிறது. புடெசோனைடுக்கும் இது பொருந்தும்.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் இயங்கும் சிகிச்சை மையங்களில் பெரும்பாலோர் இன்று பெறும் டோலுடெக்ராவிர் அடிப்படையிலான கூட்டு மருந்தில் இச்சிக்கல் இல்லை. இரண்டாம் நிலைச் சிகிச்சைக்கு மாற்றப்பட்டவர்கள் ரிட்டோனாவிர் சேர்ந்த மருந்தைப் பெறுகின்றனர். தும்மலுக்காக வேறொரு மருத்துவரிடம் செல்லும்போது தம் நோயைச் சொல்லத் தயங்குவது இவர்களிடம் இயல்பே. ஆகவே இத்தகைய சிகிச்சை மையங்களின் ஆலோசகர்களே முன்கூட்டி இதனை எடுத்துரைப்பது பயன்தரும். இவர்களுக்குப் பொதுவாகப் பெக்லோமெத்தசோன் ஏற்ற மாற்றாகக் கருதப்படுகிறது. உடலில் அதிகம் சேரும் பழைய மருந்தே இவ்விடத்தில் பாதுகாப்பானதாகிறது. ஏனெனில் அது சிதையும் வழி வேறு.

குழப்பம் தரும் மூன்று மருந்துகள்

மூக்கு நோய்க்கென விற்கப்படுபவை எல்லாம் மேற்கூறிய வகையைச் சேர்ந்தவை அல்ல. நோயாளிகள் இவற்றுடன் குழப்பிக்கொள்ளும் மூன்றைக் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, ஆக்ஸிமெட்டசோலின், ஸைலோமெட்டசோலின் ஆகிய அடைப்பு நீக்கிகள். இவை ஸ்டீராய்டு அல்ல; மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சில நிமிடங்களில் அடைப்பைத் திறப்பவை. மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேல் தொடர்ந்தால் மருந்தின் வேகம் தணிந்ததும் குழாய்கள் முன்னிலும் அதிகமாக வீங்குகின்றன. மீண்டும் சொட்டு விட வேண்டியதாகிறது. இவ்வாறு மருந்தே நோயாகிவிடும் நிலையில் சிலர் ஆண்டுக் கணக்கில் சிக்கிக்கொள்கின்றனர். அப்பழக்கத்திலிருந்து அவர்களை மீட்க மருத்துவர்கள் கையாள்வது ஸ்டீராய்டுத் தெளிப்பானையே. இவ்வடைப்பு நீக்கிகள் குழந்தைகளுக்கும், உயர் இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவர்களுக்கும் தனித்த ஆபத்து தரக்கூடியவை.

இரண்டாவது, பீட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் கலந்த சொட்டு மருந்துகள். கண், காது, மூக்கு மூன்றுக்கும் பொதுவெனக் குடும்பங்களில் கைமாறும் சிறு புட்டிகள் பல இவ்வகையைச் சேர்ந்தவை. இவை ஸ்டீராய்டுகளே, ஆனால் உடலில் பெருமளவு உறிஞ்சப்படுபவை. பல மாதங்கள் இத்தகைய சொட்டு மருந்து விடப்பட்ட குழந்தைகளுக்குக் குஷிங் நோய்க்குறிகள் தோன்றியதை மருத்துவ ஏடுகள் பதிவு செய்துள்ளன. புதிய தெளிப்பானைக் கண்டு அஞ்சும் குடும்பம் இப்புட்டியைக் கண்டு அஞ்சுவதில்லை; அதன் மேல் 'ஸ்டீராய்டு' என்ற சொல் பெரிதாக எழுதப்பட்டிருப்பதில்லை.

மூன்றாவது, ஒவ்வாமைப் பருவத்தில் போடப்படும் நீடித்த செயல்பாடுடைய ஸ்டீராய்டு ஊசி. ஓர் ஊசியில் பல வாரங்கள் தும்மல் நிற்பதால் இதனை விரும்பிக் கேட்போர் உண்டு. ஊசி உடல் முழுவதையும் சென்றடைகிறது. ஒருமுறை போட்டபின் திரும்ப எடுக்கவும் இயலாது. அட்ரினல் ஒடுக்கம், இடுப்பெலும்பின் தலைப்பகுதி இரத்தமின்றி அழிதல் ஆகிய தீங்குகளைக் கருதி, ஒவ்வாமை மூக்கழற்சிக்கு இதனைப் பயன்படுத்த வேண்டாமென மருத்துவ வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன.

இவை அன்றி, புளுட்டிகசோனுடன் அசெலாஸ்டின் என்ற ஒவ்வாமை எதிர்ப்பு மருந்தைக் கலந்த தெளிப்பான்களும் பரவலாக விற்கப்படுகின்றன. வாயில் கசப்பும் தூக்கக் கலக்கமும் தோன்றினால் அதற்குக் காரணம் அசெலாஸ்டினே என்பதை அறிந்திருப்பது நல்லது. வாகனம் ஓட்டுவோர் இதனைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

2021-ஆம் ஆண்டின் அனுபவம்

கோவிட் பெருந்தொற்றின் இரண்டாம் அலையின்போது, 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், மியூகார்மைகோசிஸ் எனப்படும் 'கறுப்புப் பூஞ்சை' நோய் நாடெங்கும் பரவலாகக் காணப்பட்டது. அது மூக்கிலும் முகக்குழிகளிலும் தொடங்கிக் கண்ணையும் மூளையையும் தாக்கியது. 1897-ஆம் ஆண்டின் கொள்ளை நோய்ச் சட்டத்தின் கீழ் இதனை அறிவிக்கத்தக்க நோயாக்குமாறு மத்திய அரசு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. கட்டுப்பாட்டில் இல்லாத நீரிழிவும், மாத்திரையாகவும் ஊசியாகவும் வரம்பின்றிக் கொடுக்கப்பட்ட ஸ்டீராய்டும் அதன் முக்கியக் காரணிகளாக அறியப்பட்டன. மூக்கில் தொடங்கிய நோய் என்பதால் மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டின் மீதும் மக்களின் ஐயம் விழுந்தது. ஒவ்வாமைக்கென அளவோடு தெளிக்கப்படும் மருந்துக்கும் அந்நோய்ப் பரவலுக்கும் முடிச்சிடுவது பொருந்தாது. நீரிழிவு நோயாளிகள் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் இதனைப் பயன்படுத்தலாம்.

தெளிக்கும் முறை

பக்க விளைவுகளில் கணிசமான பகுதியைச் சரியான முறையால் தவிர்க்க முடியும். மருந்து வழங்குவோர் நோயாளிக்குச் செய்து காட்ட வேண்டிய படிகள் இவை:

1. மூக்கை மெல்லச் சிந்திச் சுத்தம் செய்க. பொருக்கு இருப்பின் உப்புநீரால் கழுவுக.

2. புட்டியை நன்கு குலுக்குக. புதிய புட்டியாயின் நுண்ணிய தூவல் வரும்வரை காற்றில் சில முறை அழுத்துக.

3. தலையைச் சற்று முன்னோக்கிக் குனிக. தலையை அண்ணாந்தால் மருந்து தொண்டைக்கு ஓடிவிடும்.

4. வலக்கையால் இடத் துளையிலும், இடக்கையால் வலத் துளையிலும் தெளிக்க. இவ்வாறு கையை மாற்றினால் முனை தானாகவே நடுச்சுவரை விட்டு விலகி, அப்பக்கத்துக் காதை நோக்கி அமையும்.

5. அழுத்தும்போது மெதுவாக மூச்சை உள்ளிழுக்க. உறிஞ்சி இழுத்தல் கூடாது. தெளித்தவுடன் மூக்கைச் சிந்தவும் கூடாது.

6. முனையைத் துடைத்து மூடி வைக்க. ஒருவர் பயன்படுத்தும் புட்டியை மற்றவர் பயன்படுத்தலாகாது.

பலன் உடனடியாகத் தெரிவதில்லை. சிலருக்கு 12 மணி நேரத்திற்குள் ஓரளவு குணம் தெரியும். முழுப் பலன் பெற ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகலாம். இதனைச் சொல்லாமல் மருந்தைக் கொடுத்தால், இரண்டாம் நாளே 'பயனில்லை' என்று நோயாளி அதனை ஒதுக்கிவிடுவார். பலன் தெரியவில்லை என்று அளவைத் தாமாகக் கூட்டுவதும் தவறு.

எச்சரிக்கையுடன் பயன்படுத்த வேண்டியவர்கள்

மூக்கில் அண்மையில் அறுவை செய்துகொண்டவர்களும், அடிபட்டவர்களும், நடுச்சுவரில் புண் உள்ளவர்களும் அது ஆறும்வரை இம்மருந்தைத் தவிர்க்க வேண்டும். காசநோய் உள்ளவர்களும் முன்பு இருந்தவர்களும் அதனை மருத்துவரிடம் கட்டாயம் தெரிவிக்க வேண்டும். காசநோய்ச் சுமை மிகுந்த நம் நாட்டில் இது வெறும் சம்பிரதாயக் கேள்வி அன்று. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கலந்த பின்னரே பயன்படுத்த வேண்டும். இவ்வினத்தில் கர்ப்ப காலத்தில் நெடிய அனுபவம் உள்ள மருந்து புடெசோனைடு ஆகும்.

குழந்தைகளுக்கான குறைந்த வயது வரம்பும் மருந்துக்கு மருந்து மாறுபடுகிறது. அமெரிக்க நிர்வாகத்தின் ஒப்புதல்படி மொமெட்டசோனும் புளுட்டிகசோன் பியூரோவேட்டும் 2 வயதிலிருந்தும், புளுட்டிகசோன் புரோப்பியோனேட் 4 வயதிலிருந்தும், புடெசோனைடு 6 வயதிலிருந்தும் பயன்படத்தக்கவை.

நிர்வாகத்தின் பங்கு

மருந்தைப் பற்றிய அறிவு மருத்துவரின் அறையோடு நின்றுவிடின் பயனில்லை. இதற்கான சட்ட அமைப்பு நம்மிடம் உள்ளது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளில் உள்ள 'எச்' அட்டவணை, பதிவுபெற்ற மருத்துவரின் சீட்டின்றிச் சில்லறையில் விற்கக்கூடாத மருந்துகளைப் பட்டியலிடுகிறது. மேற்பூச்சு மருந்துகளுக்கு அவ்வட்டவணையில் விலக்கு இருந்தபோதும், ஸ்டீராய்டு கலந்த கண், காது, மூக்கு மருந்துகளுக்கு அவ்விலக்கு அளிக்கப்படவில்லை. தோலில் பூசும் ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவும் 2018-ஆம் ஆண்டில் இக்கட்டுப்பாட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டன. ஆகவே கடைக்காரர் எடுத்துத் தரும் பீட்டாமெத்தசோன் சொட்டு மருந்து, சட்டப்படி சீட்டுக்கு உரியதே. மருந்து ஆய்வாளர்கள் இதனைத் தனிக் கவனத்துடன் நோக்குவது தகும்.

2015-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் பணி ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு மருந்து பற்றி ஆலோசனை கூறுவதைப் பதிவுபெற்ற மருந்தாளுநரின் கடமையாக்கியுள்ளன. ஒரு தெளிப்பானை விற்கும்போது இரண்டு நிமிடம் செலவிட்டுக் கையை மாற்றிப் பிடிக்கும் முறையைக் காட்டுவது இக்கடமையின் ஒரு பகுதியே. 2022-ஆம் ஆண்டின் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் புடெசோனைடு மூக்குத் தெளிப்பான் இடம்பெற்றுள்ளது. மருந்து கிடைக்கும் இடமெல்லாம் அதனைப் பயன்படுத்தும் முறையும் கிடைக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தின் மருந்து வழங்கும் சன்னலுக்கு அருகே, தெளிக்கும் முறையைப் படங்களுடன் விளக்கும் ஒரு சுவரொட்டி ஒட்டுவது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று.

பக்க விளைவுகள் நேர்ந்தால் அவற்றைப் பதிவு செய்யவும் ஏற்பாடு உள்ளது. 2010-ஆம் ஆண்டில் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம், 2011 முதல் காஜியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தை மையமாகக் கொண்டு இயங்குகிறது. மருத்துவர் மட்டுமன்றி, செவிலியரும் மருந்தாளுநரும் நோயாளியும்கூட இத்திட்டத்திற்குத் தகவல் தரலாம். 1800-180-3024 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண் இதற்கென உள்ளது. மூக்கில் இரத்தக் கசிவு போன்ற சிறியவற்றை யாரும் எழுதியனுப்புவதில்லை. முகம் உப்பிய ஒரு குழந்தையின் வீட்டில் எந்தச் சொட்டு மருந்து இருந்தது என்ற தகவலேனும் சென்று சேருமாயின், எந்தத் தயாரிப்பு எந்தப் பகுதியில் தவறாகப் பயன்படுகிறது என்பதை அறிய வழி பிறக்கும்.

முடிவாக

எந்த மருந்தும் முற்றிலும் தீங்கற்றதன்று. மூக்கில் தெளிக்கும் ஸ்டீராய்டும் இதற்கு விலக்கன்று. ஆனால் அதன் தீங்குகள் பெரும்பாலும் சிறியவை, மூக்கோடு நிற்பவை, முன்கூட்டியே அறியத்தக்கவை, சரியான மருந்தையும் அளவையும் முறையையும் கையாண்டால் தவிர்க்கத்தக்கவை. இம்மருந்தை அஞ்சிக் கைவிடும் நோயாளி, அடைப்பு நீக்கியையோ பெயர் அறியாச் சொட்டு மருந்தையோ ஊசியையோ நாடிச் செல்லும்போதுதான் பெரிய தீங்குகளைச் சந்திக்கிறார். ஆகவே, புட்டியின் மீதுள்ள மருந்தின் பெயரைப் படித்தறிதல், பிற மருந்துகளை மருத்துவரிடம் மறைக்காதிருத்தல், தேவை தீர்ந்ததும் மருத்துவர் சொற்படி அளவைக் குறைத்தல் ஆகிய மூன்றையும் மக்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். அவற்றை அவர்களுக்குக் கற்பிக்கும் பொறுப்பு, மருந்தை எழுதுபவர், வழங்குபவர், மேற்பார்வையிடுபவர் ஆகிய மூவரையும் சாரும்.